நூற்றியோராவது பிள்ளை வரும்வரை

பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தர வேண்டுமா என்ற கேள்விக்கு நம் நாடாளுமன்றம் 2009இல் துல்லியமாக ஒரு விடை கண்டுபிடித்தது. நூறு பிள்ளைகள் இருந்தால் வேண்டாம். நூற்றியோராவது பிள்ளை வந்து சேர்ந்தால் வேண்டும். அப்போதும் முழுசாக வேண்டாம், அரைகுறையாகப் போதும்.

கேலி பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் இருக்கும் அட்டவணையைப் புரட்டிப் பார்க்கலாம். ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டினால் ஒரு முழுநேரத் தலைமையாசிரியர். கலைக்கும் உடற்கல்விக்கும் வேலைக்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள். நம் கிராமத்து நடுநிலைப் பள்ளிகள் பலவற்றில் மூன்று வகுப்பையும் கூட்டிப் பெருக்கினாலும் நூறு தேறாது. சரி, ஒன்று முதல் ஐந்து வரை? அந்தப் பகுதியில் கலை என்ற பேச்சே இல்லை. கரித்துண்டு கிடைத்தால் சுவரையும், கிடைக்காவிட்டால் விரலால் புழுதியையும் விட்டுவைக்காத வயசு அது. அவர்கள்தான் ஏற்கெனவே வரைகிறார்களே, எதற்குத் தனியாக ஆள் என்று நினைத்திருப்பார்கள். பதினொரு வயசில் பிள்ளை வெட்கப்பட்டு வரைவதை நிறுத்திய பிறகு ஆள் அனுப்புகிறார்கள். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால்.

டெல்லி எதைச் சொன்னாலும் மல்லுக்கு நிற்கும் தமிழ்நாடு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அட்டவணையை வரிக்கு வரி மதித்தது. 2012இல் 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி, தோட்டக்கலை என்று எதெது பொதுத்தேர்வில் வராதோ அதற்கெல்லாம் சேர்த்து. வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். அது 7,000, 7,700, 10,000 என்று நொண்டி நொண்டி நகர்ந்து, பன்னிரண்டு ஆண்டு கழித்து 12,500இல் வந்து நின்றது. அதற்குள் நாலாயிரம் பேர் போல இடத்தைக் காலி செய்திருந்தார்கள்; சிலர் வேறு பிழைப்புக்கு, சிலர் ஓய்வுக்கு, சிலர் ஒரேயடியாக. ஒரு கட்சி இவர்களைப் பாதி ஆளாக எடுத்தது. இன்னொரு கட்சி 2021 தேர்தல் அறிக்கையில், 181ஆவது வாக்குறுதியாக, நிரந்தரமாக்குவோம் என்று எழுதியது. நாலு ஆண்டு ஆன பிறகும் நிரந்தரமாக இருந்தது அந்த வாக்குறுதி மட்டும்தான்.

மே மாதம் பள்ளிக்கூடம் கிடையாது, ஆகவே சம்பளமும் கிடையாது என்பது ஆண்டுக்கணக்கில் நடந்த ஏற்பாடு. மே மாதத்தில் வயிறு பகுதிநேரமாகக்கூட லீவு எடுப்பதில்லை என்பதை அட்டவணை எழுதியவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்த இடத்தில் மெரினாவுக்குப் போய் உழைப்பாளர் சிலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வரலாம். பாறையை நெம்பித் தள்ளும் நாலு பேர். 1959இல் நிறுவியது. மே தின வாழ்த்து விளம்பரம் கொடுக்கும் எந்தக் கட்சிக்கும் அந்த நாலு பேரின் முதுகு தேவைப்படுகிறது. சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை வகித்த முதல் இந்தியர். அதாவது ஒரு டிராயிங் மாஸ்டர். பல தலைமுறைக்கு வரையவும் வடிக்கவும் கற்றுக்கொடுத்த டிராயிங் மாஸ்டர். டிராயிங் மாஸ்டர் செய்த சிலையை முழுப்பக்க விளம்பரத்தில் போட்டு, டிராயிங் மாஸ்டருக்குச் சம்பளமில்லாத மாதத்தின் முதல் தேதியில், உழைப்பின் மேன்மையைப் பற்றி அறிக்கை விடுவதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். நம்மிடம் அது தாராளமாக இருக்கிறது.

அந்த அரை நாளில் என்னதான் நடக்கிறது? ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பிற்பகல் பீரியட். மாஸ்டர் தன் வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் செம்பு கொண்டுவந்திருந்தார். அதை மேசைமேல், இடப்பக்க ஜன்னல் வெளிச்சம் படும்படி வைத்தார். "யாரும் நோட்டைத் தொடக் கூடாது. முதல்ல பாருங்க. செம்புல எங்க ரொம்ப இருட்டா இருக்கு?" வகுப்பே ஒரே குரலில், வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம், வலது ஓரம் என்றது. மாஸ்டர் பேசாமல் நின்றார். இன்னும் பாருங்கள் என்பதுபோலக் கையை மட்டும் காட்டினார். ஒரு நிமிஷம் போயிருக்கும். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் தயங்கித் தயங்கி எழுந்தான். "ஓரத்துல இல்ல சார். கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. ஓரத்துல லேசா வெளிச்சம் வருது." "எங்கேருந்து வருது?" பையன் செம்பைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், மறுபடி செம்பைப் பார்த்தான். "மேசைலேருந்து சார்!"

ஜன்னல் வழி வந்த வெளிச்சம் மேசையில் பட்டுத் தெறித்து, செம்பின் நிழல் பக்கத்து ஓரத்தில் ஏறுகிறது. பன்னிரண்டு வயசுப் பையன், யாரும் சொல்லித்தராமல், எல்லாரும் சொன்ன விடையைத் தன் கண்ணை நம்பித் தள்ளிவிட்டான். இதற்குமேல் கல்வி என்று ஒன்று இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

கதவோரம் கணக்கு சார் நின்றார். "மாஸ்டர், கோச்சுக்காதீங்க. போர்ஷன் முடியல. இந்த பீரியட நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கங்க சார்."

மாஸ்டர் செம்பை எடுத்து ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பையன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தான். கணக்கு சாரின் மேல் எனக்குக் கோபம் இல்லை; அவர் தலைக்கு மேலே தேர்ச்சி விழுக்காடு தொங்குகிறது. இந்தக் கடன் என்றைக்காவது திருப்பி அடைக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. டிராயிங் மாஸ்டர் கணக்குப் பீரியடின் வாசலில் போய் நின்று, "நிழல் முடியல சார், குடுங்க" என்று கேட்ட சரித்திரம் உண்டா?

பீரியட் போனதால் மாஸ்டர் சும்மா இருந்தார் என்று நினைக்க வேண்டாம். ஆபீசில் வேலை காத்திருந்தது. அதிகாரி வருகைக்குத் தெர்மாகோல் எழுத்து வெட்ட வேண்டும். ஐந்நூறு சான்றிதழில் பெயர் எழுத வேண்டும். எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் எதையோ ஏற்ற வேண்டும். காம்பவுண்டுச் சுவரில் பாரதியாரின் மீசை மழையில் உதிர்ந்திருந்தது. அதற்கு மறுபடி கறுப்பு ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டில் அழகுக்கு ஆள் தேவைப்படும்போதெல்லாம் இந்த மனிதர் முழுநேரம். கற்பிப்பதற்குத்தான் பகுதிநேரம்.

தலைமையாசிரியரிடம் பேசினேன். நல்ல மனிதர், டீ வரவழைத்தார். "எல்லாம் சரி சார், ஓவியம் சோறு போடுமா?" என்றார். அவர் தலைக்கு நேர் மேலே திருவள்ளுவர் உட்கார்ந்திருந்தார். வள்ளுவரை நம்மில் யாரும் பார்த்ததில்லை. அந்தத் தாடியும் முடிச்சிட்ட கூந்தலும் எழுத்தாணியும் கே.ஆர். வேணுகோபால் சர்மா என்ற ஓவியர் தன் மனசிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. மேசையில் கிடந்த சுற்றறிக்கையின் நெற்றியில் கோபுரச் சின்னம். வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். டீக்காசுக்குத் தலைமையாசிரியர் எடுத்து நீட்டிய நோட்டில் ரூபாய்க் குறி. 2010இல் அதைத் தந்தவர் கள்ளக்குறிச்சியில் பிறந்து வடிவமைப்புப் படித்த உதயகுமார். (அந்தக் குறி வேண்டாம் என்று 2025 பட்ஜெட்டில் தமிழ்நாடு 'ரூ' போட்டது. அந்த 'ரூ'வையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்துதான் ஆக வேண்டியிருந்தது.) ஓவிய ஆசிரியர் பணியிடம் இல்லை என்று ஒரு கடிதம் வருமானால், அந்தக் கடிதமே ஓர் ஓவியத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டுதான் வரும். வெட்கம் என்று ஒன்று காகிதத்துக்கு இருந்தால் அது தபாலிலேயே கிழிந்திருக்கும்.

பெற்றவர்கள் சங்கதி வேறு. அவர்களுக்கு நீட் இருக்கிறது. "படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா டாக்டராக முடியுமா?" என்கிறார்கள். சங்கடம் என்னவென்றால், 1850இல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கியவரே ஒரு டாக்டர். அலெக்சாண்டர் ஹண்டர், அறுவை மருத்துவர். இன்றைக்குப் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரிக்கு விதை அவர் போட்டது. இன்னொரு சங்கடம் அமெரிக்காவில் நடந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் தோல்நோய் மருத்துவப் பேராசிரியர் ஒருவரும் ஓவியக்கூடத்தின் கல்விப் பொறுப்பாளர் ஒருவரும் சேர்ந்து மருத்துவ மாணவர்களைப் படங்களின் முன்னால் நிறுத்தினார்கள். கதை சொல்லாதே, விளக்கம் சொல்லாதே, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல் என்றார்கள். அப்படிப் பழகியவர்கள் நோயாளிகளின் புகைப்படங்களிலிருந்து மற்ற மாணவர்களைவிடக் கூடுதலாக விவரம் கண்டு சொன்னார்கள் என்று 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. செம்பைப் பார்த்த பையன் செய்ததும் அதுதான்.

இதை எழுதும்போதே பயமாக இருக்கிறது. அடுத்த வாரமே புறவழிச் சாலையில் 'நீட் ஓவியம் ஃபவுண்டேஷன், ஆறாம் வகுப்பு முதல், ஹாஸ்டல் வசதி உண்டு' என்று ஃபிளெக்ஸ் ஏறிவிடும். ஓ.எம்.ஆர். தாளில், 'செம்பின் மிக இருண்ட பகுதி எது? அ) ஓரம் ஆ) ஓரத்துக்குச் சற்று உள்ளே' என்று கேட்பார்கள். பிள்ளைகள் ஆ என்று நிரப்புவார்கள், செம்பையே பார்க்காமல்.

பள்ளியில்தான் கிடைக்கவில்லை, ஊரில் படம் பார்க்க ஓர் இடம் உண்டா? சென்னைக்கு எழும்பூர் அருங்காட்சியகம் உண்டு. பழைய சென்னைவாசிகள் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வேடிக்கையாகச் சொன்ன பெயரை நம் நிர்வாகம் பொறுப்போடு நிறைவேற்றிக் காட்டியது. அந்த வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த அழகான கட்டடம் தேசிய ஓவியக் கூடம். 2002இல் பலமில்லை என்று பூட்டினார்கள். படங்கள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போயின. அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டு முடித்து டி.சி. வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதும் பூட்டு பூட்டாகவே இருந்தது. மேம்பாலங்கள் அதற்குள் எத்தனை எழும்பின!

நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் 2006 முதல் ஒரு காரியம் செய்தது. மறதிநோய் கண்ட முதியவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் அழைத்து, கூடத்துக்கு விடுமுறையான நாளில், கூட்ட நெரிசல் இல்லாமல் படங்களின் முன்னால் உட்காரவைத்துப் பேசவிட்டது. பேரன் பெயர் மறந்தவர் ஒரு படத்தின் நீலத்தைப் பற்றிப் பேசலாம். தப்பு என்று சொல்ல அங்கே ஆளில்லை. கூடம் மூடியிருக்கும் நாளை அவர்கள் அப்படிப் பயன்படுத்தினார்கள். மூடியிருக்கும் நாள்களுக்கு நம்மிடம்தான் பஞ்சமே இல்லை. ஆனாலும் நம் பெரியவர்களுக்குக் கலை கிட்டாமல் இல்லை: விடிகாலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் பனித்துளி ஒட்டிய ரோஜா வருகிறது, அதன் மேல் இனிய காலை வணக்கம். அறுபது வருஷம் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்ட கைகள்தான் அதை ஃபார்வர்டு செய்கின்றன.

1948இலேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம். ஊர்ப்புற நூலகத்தின் ஒரே ஒரு சுவரை ஒதுக்கி, கவின் கலைக் கல்லூரி மாணவர்களின் படம் நாலு மாட்டி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் தாத்தா பாட்டிகளையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லலாமே என்று ஒரு பொறுப்புள்ள அதிகாரியிடம் கேட்டேன். அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். பிறகு, "படத்த எந்த ரெஜிஸ்டர்ல ஏத்துறது சார்? புஸ்தகமா, ஃபர்னிச்சரா?" என்றார். ஊராட்சிக்கு ஒரு சமுதாயக்கூடம் கட்டுகிறோம். காதுகுத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் அதில் இடமுண்டு. சமுதாயம் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பதற்கு ரெஜிஸ்டர் இல்லை.

சுவர்கள் வேண்டுமானால் கிடைக்கும். 2022இல் செஸ் ஒலிம்பியாடுக்கு நேப்பியர் பாலத்தையே கறுப்பு வெள்ளைக் கட்டமாக்கினோம். உலகம் பார்த்தது, செல்பி எடுத்தது. அதற்கு முன்னால் 2020இல் கண்ணகி நகர். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்து ஊருக்கு வெளியே கொட்டப்பட்ட குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிகளின் சுவரில் பிரமாண்டமான முகங்கள் எழுந்தன. வரைந்த கலைஞர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேலை நன்றாகவே இருந்தது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள்: குடியிருப்பவனுக்குத் தன் வீட்டுச் சுவரில் இருக்கும் படம் தெரியாது. அது வெளியிலிருந்து வருபவன் பார்ப்பதற்கு. உள்ளே இருக்கும் பிள்ளைக்கு ஒரு வாட்டர் கலர் டப்பா, வாரம் ஒரு மணி நேரம், சொல்லித்தர ஒரு முழு மனிதர் என்று தந்திருந்தால், வெயிலில் சுவர் வெளுத்த பிறகும் ஏதாவது மிஞ்சும். அது புகைப்படத்தில் விழாது என்பதுதான் அதிலுள்ள குறை.

அரசை நம்பாமல் பிழைத்தவர்களும் உண்டு. கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி செய்து விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் மணல்வெளி வாங்கி 1966இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கினார்கள். சுற்றியுள்ள ஊர் அவர்களை உண்மையிலேயே மேதைகள் என்று ஒப்புக்கொண்டது ஈ.சி.ஆரில் சதுர அடி விலை தெரிந்த பிறகுதான்.

இதெல்லாம் ரசனைக்காரர்களின் புலம்பல் என்பவர்களை ஏதாவது ஒரு பழைய கோயிலுக்குக் கூட்டிப்போக விரும்புகிறேன். திருவாரூரில் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் கதையை 17ஆம் நூற்றாண்டில் வரைந்துவைத்திருக்கிறார்கள். சிங்காதனம் என்று ஓவியர் பெயரும் அங்கே இருக்கிறது. அது தப்பித்தது. தப்பிக்காதவை எத்தனையோ. கும்பாபிஷேகம் வருகிறது என்று நாயக்கர் காலத்துச் சுவரோவியத்தின் மேல் வெள்ளையடித்தார்கள். கல்வெட்டும் சிற்பமும் தேயத் தேய மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். செய்தவர்கள் கெட்டவர்களா? இல்லை. பக்திமான்கள், கைக்காசு போட்ட உபயதாரர்கள், படித்த அதிகாரிகள். டிராயிங் பீரியடில் கணக்குப் போட்டவர்கள். முந்நூறு வருஷத்துச் சிவப்பு எது, போன வருஷத்து அழுக்கு எது என்று பிரித்துச் சொல்ல அவர்களுக்குக் கண் இருந்தது, பழக்கம் இல்லை.

பகுதிநேர ஆசிரியர்கள் சென்னைக்கு வந்து போராடுவது ஒரு சடங்காகிவிட்டது. நுங்கம்பாக்கத்தில் கல்வித் துறை வளாகத்தின் முன்னால் கூடுவார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ போராட்டத் தட்டிகளைப் பார்த்திருக்கிறேன். எழுத்தின் உயரமும் இடைவெளியும் நேராக இருப்பது இவர்கள் தட்டியில்தான். போலீஸ் வேன் வரும். ஏற்றிப் போய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைப்பார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் தருவார்கள். சாயங்காலம் பெயர், ஊர் எழுதிக்கொண்டு விடுவார்கள். ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்பி, காலையில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் ஆபீஸ் வாசலிலேயே தலைமையாசிரியர் நிற்பார்.

"வாங்க மாஸ்டர், உங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். நாளைக்கு மந்திரி வர்றாரு. வாசல்ல 'வருக வருக' எழுதணும். போன தடவை சின்னதாப் போயிருச்சு, கார்லேருந்து தெரியலைன்னு சொன்னாங்க. இந்தத் தடவை எழுத்து நல்லாப் பெருசா இருக்கட்டும்."

"இன்னைக்கு எனக்கு அரை நாள்தான் சார்."

"அதுக்கென்ன மாஸ்டர், இருந்து முடிச்சிட்டுப் போங்க."